சீரான வேகத்தில் மட்டும் திக்கிய எஞ்சின்

எங்கள் வீட்டுப் பழைய காருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரும், தீப்பொறியைச் சிலிண்டர்களுக்கு முறைப்படி அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரும் கொண்ட நான்கு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட் என்ற சிறு சுவிட்ச், திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும். காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பும், ஐடிலிங்கில் நிதானமாக நிற்கும், மேடு வந்தால் மூச்சு முட்டாமல் ஏறும். ஆனால் நெடுஞ்சாலையில் மணிக்கு 70, 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டு, ஆக்சிலரேட்டரில் காலை லேசாக வைத்தபடி அதே வேகத்தில் போகத் தொடங்கினால், சிறிது நேரத்தில் திக்க ஆரம்பித்துவிடும். யாரோ பின்னாலிருந்து வண்டியைப் பிடித்து இழுத்து, உடனே விட்டுவிடுவதுபோல் இருக்கும். பின்னால் கனரக வண்டி வந்துகொண்டிருக்கும்போது அப்படி நேர்ந்தால் எவ்வளவு ஆபத்து என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

இதற்காக நான்கு பிளக்குகளையும் மாற்றினோம். பெட்ரோல் ஃபில்டரை மாற்றினோம். கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் வரும் நுண்துளைகளான ஜெட்டுகளைக் காற்றடித்துச் சுத்தம் செய்தோம். பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தைத் தரும் காயிலும், பாயின்ட்டோடு இணைந்த கண்டென்சரும் புதிதாக வந்தன. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஓரிரு நாள் சரியாகிவிட்டதுபோல் தோன்றும். அடுத்த நீண்ட பயணத்தில் அதே திக்கல் திரும்பி வரும். மாற்றிய பொருள்கள் எல்லாமே இந்தக் கோளாறை உண்டாக்கக்கூடியவைதான். எந்த நிலையில் திக்குகிறது, எந்த நிலையில் திக்குவதில்லை என்பதை உட்கார்ந்து எழுதிப் பார்ப்பதற்கு முன்பே ஸ்பானரைக் கையில் எடுத்ததுதான் நாங்கள் செய்த தவறு.

பெட்ரோல் போதாமல் திக்கும் எஞ்சினுக்கு ஒரு நடத்தை உண்டு. ஃபில்டர் அடைத்திருந்தாலும், பம்ப் தளர்ந்திருந்தாலும், டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைபட்டு டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோலை வரவிடாமல் தடுத்தாலும், எஞ்சின் எவ்வளவு அதிகமாகக் கேட்கிறதோ அவ்வளவு அதிகமாகத் திணறும். அதாவது மேட்டிலும், ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தும்போதும் நிலைமை மோசமாக வேண்டும். எங்கள் வண்டியோ இதற்கு நேர் எதிர். திக்கும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால், அந்தக் கணமே தெளிந்து பாய்ந்தது. இந்த ஒரே குறிப்பைக் கவனித்திருந்தால் ஃபில்டரை மாற்றும் வேலையே மிச்சமாகியிருக்கும்.

அழுத்தினால் சரியாகிறது என்றால் அடுத்து சந்தேகிக்க வேண்டியது கலவை. சீரான வேகத்தில் கார்புரேட்டர் காற்று மிகுந்த, பெட்ரோல் குறைந்த கலவையையே கொடுக்கும். பெட்ரோல் முழுமையாக எரிய எடைக் கணக்கில் ஒரு பங்குக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. சிக்கனத்துக்காக இந்த நிலையில் காற்று அதைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும். அப்போது மெயின் ஜெட்டில் சிறு தூசி அடைத்திருந்தாலோ, கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டின் கேஸ்கெட் வழியாகக் காற்று கசிந்தாலோ, கலவை எரிய முடியாத அளவுக்கு இளைத்துப்போகும். முழுதாக அழுத்தினால் கார்புரேட்டர் கூடுதல் பெட்ரோலைக் கொடுப்பதால் குறை மறைந்துவிடும். இதைச் சோதிக்க எளிய வழி, காற்றைக் குறைத்துப் பெட்ரோல் மிகுந்த கலவையைத் தரும் சோக். கையால் இழுக்கும் சோக் உள்ள வண்டியில், திக்கும்போது அதைச் சற்றே இழுத்துப் பார்க்க வேண்டும். திக்கல் அடங்கினால் கலவை இளைத்திருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். எங்கள் வண்டியில் சோக்கை இழுத்தும் எந்த மாற்றமும் இல்லை.

வழி காட்டியது ஆர்.பி.எம். மீட்டரின் முள். ஒரு நாள் தம்பியை முன் இருக்கையில் உட்காரவைத்து, திக்கும்போது முள் என்ன செய்கிறது என்பதை மட்டும் பார்க்கச் சொன்னேன். ஓட்டுபவர் சாலையைப் பார்க்க வேண்டும், மீட்டரைப் பார்ப்பது இன்னொருவர் வேலை. "அண்ணா, திக்கும்போதெல்லாம் முள் திடீரென்று கீழே விழுந்து, உடனே மேலே வருகிறது" என்றான். எஞ்சினின் உண்மையான சுற்று அவ்வளவு வேகத்தில் விழ முடியாது, ஏனென்றால் கியரில் இருக்கும் வண்டியின் சக்கரங்களே அதைச் சுழற்றிக்கொண்டிருக்கின்றன. அந்த மீட்டர் காயிலின் நெகட்டிவ் முனையில் வரும் துடிப்புகளை எண்ணித்தான் சுற்றைக் காட்டுகிறது. முள் விழுகிறது என்றால் துடிப்பே வரவில்லை என்று பொருள். பெட்ரோல் குறைந்து திக்கினால் முள் இப்படித் துள்ளாது. ஆகவே காயிலின் பிரைமரி மின்சுற்று, அதாவது காயில் வழியாகப் பாயின்ட்டுக்குப் போகும் மின்பாதை, எங்கோ விட்டுவிட்டு அறுபடுகிறது என்பது உறுதியானது.

3000 ஆர்.பி.எம்.மில் நான்கு சிலிண்டர் எஞ்சினின் ஒற்றைக் காயில் ஒரு நொடிக்கு 100 தீப்பொறிகளைத் தர வேண்டும். அரை நொடி மின்சாரம் தடைபட்டாலும் 50 பொறிகள் போய்விடும். உடல் குலுங்கும் அளவுக்கு வண்டி வெட்டியதன் காரணம் இதுதான்.

ஆனால் ஒரு மின்கம்பி ஏன் சீரான வேகத்தில் மட்டும் அறுபட வேண்டும்? இந்தக் கேள்வியோடு டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் இருக்கும் வேக்குவம் அட்வான்ஸ் டப்பாவைப் பார்த்தபோதுதான் எல்லாம் பொருந்தி வந்தது. இளைத்த கலவை மெதுவாக எரியும். அதனால் பொறியைச் சற்று முன்னதாகவே கொடுக்க வேண்டும். அதற்காகக் கார்புரேட்டரிலிருந்து ஒரு சிறு குழாய் வழியாக வரும் வெற்றிடம், டப்பாவுக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வை இழுக்கிறது. டயாஃப்ரம், பாயின்ட் பொருத்திய தட்டை ரோட்டார் சுழலும் திசைக்கு எதிராகச் சில டிகிரி திருப்புகிறது. எங்கள் வண்டியில் குழாயின் துளை, ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது திறக்கும் த்ராட்டில் தகட்டுக்குச் சற்று மேலே இருக்கிறது. ஐடிலிங்கில் அங்கே வெற்றிடம் இல்லை, தட்டு அசைவதில்லை. முழுதாக அழுத்தினாலும் வெற்றிடம் போய்விடுகிறது, தட்டு பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. லேசாக அழுத்திச் சீராக ஓட்டும்போது மட்டுமே தட்டு நன்றாகத் திரும்பி நிற்கிறது. எங்கள் வண்டி திக்கும் நேரமும் அதேதான்.

அந்த வெற்றிடக் குழாயைக் கழற்றி, கார்புரேட்டர் பக்க முனையைக் காற்று புகாதபடி அடைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தோம். நாற்பது நிமிடம் ஓடியும் ஒருமுறைகூடத் திக்கவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு அந்த எஞ்சின் ஒரே சுருதியில் ஓடியதைக் கேட்டபோது எனக்கு உண்மையாகவே தொண்டை அடைத்தது.

வீட்டுக்கு வந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினேன். வெளி முனையிலிருந்து பாயின்ட்டுக்குப் போகும் கம்பி விரற்கடை நீளம்தான் இருக்கும். உறையில் கீறலோ வெடிப்போ இல்லை. பார்வைக்குப் புதிதுபோல் இருந்தது. மல்டிமீட்டரின் ஒரு முள்ளை வெளி முனையிலும் மற்றொன்றைப் பாயின்ட்டின் ஸ்பிரிங்கிலும் வைத்தேன். ஸ்பிரிங்கில் வைப்பது முக்கியம். பாடியில் வைத்தால், தட்டு திரும்பும்போது பாயின்ட் திறந்துகொள்வதைக் கம்பி அறுந்ததாக நினைத்துவிட நேரும். மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் ஓம் காட்டியது. பிறகு குழாயின் முனையைத் துடைத்துவிட்டு வாயால் உறிஞ்சினேன். தட்டு திரும்பியது, கம்பி இழுபட்டு நேரானது, மீட்டரில் எண் மறைந்து திறந்த சுற்றைக் காட்டியது. வாயை எடுத்ததும் மீண்டும் பூஜ்யம். கம்பியைக் கழற்றி விரல்களால் வளைத்துப் பார்த்தால் நடுவில் ஓரிடத்தில் மட்டும் எலும்பில்லாததுபோல் தொய்ந்தது. அங்கே உறையைக் கிழித்தபோது, செம்பு இழைகள் அத்தனையும் அறுந்து, பச்சை படிந்த முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தன.

அதன் இடத்தில் மெல்லிய இழைகள் நிறைந்த, எளிதில் வளையும் கம்பியைப் போட்டு, தட்டு இரு எல்லைக்கும் போய்வர இடம்தரும் அளவு நீளம் விட்டேன். வீட்டு மின்இணைப்புக்குப் பயன்படும் விறைப்பான கம்பியைப் போட்டால், தட்டின் அசைவையும் தடுக்கும், விரைவில் மறுபடியும் அறுபடும். தட்டிலிருந்து பாடிக்குப் போகும் பின்னல் எர்த் கம்பியும் இப்படியே அறுபடக்கூடியது என்பதால் அதையும் சோதித்துக்கொண்டேன். பாயின்ட் இல்லாத எலெக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டரிலும், பாயின்ட்டுக்குப் பதிலாக இருக்கும் பிக்கப் காயிலின் கம்பிகள் அதே தட்டில் அசைவதால் இந்தக் கோளாறு வரும்.

குழாயைக் கழற்றிவிட்டே ஓட்டிக்கொள்ளலாம் என்று சிலர் சொன்னார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. திக்கல் நிற்கும், ஆனால் சீரான வேகத்தில் பொறி தாமதமாக வருவதால் பெட்ரோல் வீணாகும், எஞ்சினும் கூடுதலாகச் சூடாகும்.

ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள பழைய வண்டி என்றால், இதே வடிவத்தில் திக்குவதற்கு, எரிந்த புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்குள் திருப்பி அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வைப் பார்க்க வேண்டும்; அதுவும் ஐடிலிங்கிலும் முழு அழுத்தத்திலும் மூடி, நடுநிலையில் திறப்பதுதான். அடுத்தது, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைக் காட்டும் த்ராட்டில் சென்சார். காலின் அழுத்தம் அதிக நேரம் நிலைக்கும் இடத்தில் அதன் கார்பன் தடம் தேய்ந்துவிடும். பெரும்பாலான வண்டிகளில் பெடலை மெதுவாக அழுத்தும்போது சென்சாரின் மின்னழுத்தம் சுமார் 0.5 வோல்ட்டிலிருந்து 4.5 வோல்ட் வரை தடையின்றி ஏற வேண்டும். இடையில் ஓரிடத்தில் துள்ளினால் அங்கேதான் தேய்வு. இதைப் பார்க்க, எண் காட்டும் மீட்டரைவிட முள் உள்ள பழைய மீட்டரே எனக்குப் பிடிக்கும், சிறு துள்ளலையும் அது மறைக்காது.

கம்பியை மாற்றிய பிறகு குழாயை மீண்டும் பொருத்தி, அதே சாலையில் அதே வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டினோம். தம்பி முழு நேரமும் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தான். அது 3000-ஐ விட்டு அசையவில்லை. இப்போது பாயின்ட் இடைவெளியைச் சரிபார்க்க மூடியைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கம்பியையும் ஒருமுறை வளைத்துப் பார்த்துவிட்டே மூடுகிறேன்.