பாதி ரோல்

பேக்கிங் ஃபிலிம்களைப் பசை போட்டு அடுக்காக ஒட்டும் லேமினேஷன் பிரிவில் சேர்ந்த புதிதில், 15 மைக்ரான் நைலான் ஃபிலிம் ரோல் ஒன்றைப் பாதி ஓட்டிவிட்டு, உறையைத் திரும்பச் சுற்றாமல் அப்படியே விட்டுப் போய்விட்டேன். மழைக்காலம். காலையில் பார்த்தால் ஓரமெல்லாம் அலை அலையாக நெளிந்து கிடக்கிறது. சூப்பர்வைசர் திட்டவில்லை. "பாலியஸ்டர்னு நினைச்சிட்டியாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

அப்படித்தான் நினைத்திருந்தேன். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் நைலான் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும், குடித்தால் உப்பும்.

வீணாக்க மனமில்லாமல் அந்த ரோலை ஓட்டியும் பார்த்தோம். பாலித்தீனோடு ஒட்டிய பசை இரண்டு நாளாகியும் பிசுபிசுவென்றே இருந்தது. கையால் இழுத்தாலே அடுக்கு பிரிந்தது. பாலியூரிதேன் பசையை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள், பசையோடு சேராமல் நைலானில் இருந்த தண்ணீரோடு சேர்ந்துவிட்டது. அந்த வினையில் கார்பன் டை ஆக்சைடு வேறு வரும். ஆங்காங்கே பொடிப்பொடியாகக் குமிழிகள்.

இவ்வளவு வம்பு பிடித்த ஃபிலிம் எதற்கு என்று அன்று எரிச்சலாக இருந்தது. எலும்போடு இறைச்சியை வாக்யூம் பேக் செய்வதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. காற்றை உறிஞ்சியதும் எலும்பு முனை உள்ளிருந்து குத்துகிறது. வெறும் பாலித்தீன் என்றால் ஓட்டை விழுந்திருக்கும்; நைலான் கொஞ்சம் இழுபட்டுக் கொடுத்துத் தாங்கிக்கொள்கிறது. லாரியில் குலுங்கிப் போகும் திரவ பவுச்சிலும், உறைநிலைப் பொருள்களிலும் அதற்கு வேலை இருப்பது இதனால்தான்.

ஆக்சிஜனையும் நன்றாகத் தடுக்கும். நைலானின் மூலக்கூறுச் சங்கிலிகளில் உள்ள அமைடு என்ற அணுத் தொகுதிகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருப்பது அதற்கு முக்கியக் காரணம். வேடிக்கை என்னவென்றால், தண்ணீரை உள்ளே அழைப்பதும் அதே அமைடுதான். தண்ணீர் நடுவில் புகுந்தால் பிடி தளரும், ஆக்சிஜன் தடுப்பும் குறையும். வளையும் தன்மை மட்டும் கூடும்.

அதனால் நைலானைத் தனியாக விடுவது அபூர்வம். உள்பக்கம் பாலித்தீன் இருக்கும். நீராவியைத் தடுப்பதும், சூட்டில் உருகி வாயை ஒட்டுவதும் அதன் பொறுப்பு. நைலான் 6 உருக 220 டிகிரி செல்சியஸ் வேண்டும், பாலித்தீன் அதற்கு வெகு முன்பே உருகிவிடும். 121 டிகிரியில் வேகவைக்கும் ரிட்டார்ட் பவுச் என்றால் பாலித்தீன் தாங்காது, பாலிபுரோப்பிலீன்.

இப்போது ரோல் பாதி மிஞ்சினால் முதலில் உறையைத் தேடுகிறேன். கை கழுவுவதெல்லாம் அப்புறம்தான்.