இரண்டாம் விருப்பம்

ஏழாவது சுற்றில்தான் ஜெயித்தேன். இரவு 11 மணிக்கு மேல் ஆகியிருந்தது. தோற்றுப்போன ஒரு வேட்பாளரின் வாக்குச்சீட்டுக் கட்டைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் '2' யாருக்கு நேராக இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். என் அடுக்கு மெல்ல உயர்ந்தது. என்னை முதலில் நினைத்தவர்களின் ஓட்டு மட்டும் என்றால் அன்றைக்கு வெறுங்கையோடு ஊருக்கு பஸ் ஏறியிருப்பேன். வேறு யாரையோ விரும்பி, அவர் இல்லாவிட்டால் இந்த டீச்சர் இருக்கட்டும் என்று நினைத்தவர்கள்தான் என்னைப் பல்கலைக்கழகத்தின் பேரவையான செனட்டுக்கு அனுப்பினார்கள்.

என் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி போகும் வழியில், கேரளம் முடியப்போகிற இடம். மழையும் பச்சையுமாகக் கேரளத்தை நினைப்பவர்கள் எங்கள் சித்தூர் தாலுகாவின் கருமண்ணைப் பார்த்தால் எல்லையைத் தாண்டிவிட்டோமோ என்று நினைப்பார்கள். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து அலுவலகத்தில் மலையாளம், வகுப்பில் ஆங்கிலம் பாதி, மற்ற பாதி பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து முடிவு செய்வது. அரசுக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தினேன். அரசுக் கல்லூரி என்றால் இடமாற்றமும் கூடவே வரும். பல மாவட்டங்கள் பார்த்தாயிற்று. எந்தப் பல்கலைக்கழகத்தின் செனட் என்பது இங்கே வேண்டாம்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பெரியப்பா 1940-களில் பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் படித்தவர். பட்டம் கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம். 1956 நவம்பரில் கேரளம் பிறந்தது; மறு ஆண்டு திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் கேரளப் பல்கலைக்கழகம் ஆனது. சித்தப்பாவின் சான்றிதழ் அங்கிருந்து வந்தது. 1968-இல் கோழிக்கோடு பல்கலைக்கழகம் வந்தபின் படித்த அண்ணனுக்கு அந்த முத்திரை. வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. மூன்று முத்திரைகளும் ஒரே அலமாரியில் கிடந்தன. இந்த மூன்று இடங்களிலும் செனட் என்று ஒன்று இருந்தது என்பதும், அதில் யார் உட்காருகிறார்கள் என்பதும் எங்கள் வீட்டில் ஒருநாளும் பேச்சில் வந்ததில்லை.

நானும் ஆசிரியர் சங்கம் சொல்லித்தான் நின்றேன். 'கிழக்கிலிருந்து ஒருத்தர் வேணும், டீச்சர் நில்லுங்க' என்றார்கள். ஏன் கிழக்கு, ஏன் நான் என்பது ஓட்டுக் கணக்கைப் பார்த்தபோது புரிந்தது. ஆசிரியர் தொகுதியில் தேர்தல் விகிதாச்சார முறையில் நடக்கும். ஓட்டு ஒன்றுதான், அதை மாற்றிக் கொடுக்கலாம். சீட்டில் 1, 2, 3 என்று எண் போட வேண்டும். 10 இடம், 1,000 செல்லுபடியாகும் சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,000-ஐ 11-ஆல் வகுத்து, மீதியை விட்டுவிட்டு ஒன்றைக் கூட்டினால் 91. அதை எட்டியவர் ஜெயித்தவர். 11 பேர் 91-ஐ எட்ட வேண்டுமானால் 1,001 சீட்டு வேண்டும், அதனால் பத்துப் பேருக்கு மேல் ஜெயிக்கவே முடியாது. பொருளாதாரக்காரிக்கு இந்தக் கணக்கில் ஒரு தனி சந்தோஷம். எட்டியவரின் உபரி அவரவர் இரண்டாம் விருப்பத்துக்குப் போகும். கடைசியில் நிற்பவரை நீக்கி அவர் சீட்டுகளையும் அதேபோல் பிரிப்பார்கள். சிறு கூட்டத்துக்கும் ஒரு குரல் கிடைக்கட்டும் என்பதற்கான ஏற்பாடு இது. 91 பேர் இருக்கிற சிறு கூட்டத்துக்குக் கிடைக்கும்தான். வீட்டில் தமிழ் பேசும் ஆசிரியர்கள் என் தொகுதியில் எத்தனை பேர் என்று ஒருமுறை விரல் விட்டு எண்ணினேன். இரண்டு கைக்கு மேல் கொஞ்சம்.

ஆக, என்னைத் தேர்ந்தெடுத்தவர்கள் பெரும்பாலும் மலையாள ஆசிரியர்கள். எந்தக் கல்லூரியில் யாருக்கு 1, யாருக்கு 2 என்று சங்கம் பிரித்துக் கொடுத்ததும் அதில் உண்டு. சரி, அதற்காக அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ஒழுங்கு இல்லாமல் நான் உள்ளே போயிருக்க முடியாது. ஊருக்கு வந்தால் கதை வேறு. வேலந்தாவளம் காய்கறிச் சந்தையில் ஒரு மாணவியின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். 'ஏனுங் டீச்சர், நம்மாளு ஒருத்தரு மேல போயாச்சுங்க. இனி பிள்ளைக பரீட்சையத் தமிழ்ல எழுதலாமுங்களா?' அவருக்கு அந்தத் தேர்தலில் ஓட்டுக் கிடையாது. ஓட்டுப் போட்டவர்கள் என்னிடம் எதிர்பார்த்தது சம்பளப் பாக்கி, பதவி உயர்வு, விடைத்தாள் திருத்தும் முகாமுக்கான பயணப்படி. நான் யாருடைய பிரதிநிதி என்ற கேள்வி அன்று வெண்டைக்காய்க் கூடையோடு வீட்டுக்கு வந்தது.

செனட்டின் முதல் கூட்டம் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தடித்த பச்சை உறை போட்ட நிகழ்ச்சி நிரல், கேள்வி நேரம், நடுவில் ஒரு கோஷம், அப்புறம் மதியச் சாப்பாடு. கல்லூரி முதல்வர்கள், நிர்வாகத்தினர், சட்டமன்ற உறுப்பினர்கள், பட்டதாரித் தொகுதிக்காரர்கள், அலுவலக ஊழியர்கள், மாணவர்கள் என்று கலவையாக உட்கார்ந்திருப்போம். நன்றாகக் கேள்வி கேட்டவர்கள் மாணவர்கள். அவர்களுக்கு ஒரே ஆண்டுதான், எங்களுக்கு நான்கு. நேரம் இல்லாதவர்களுக்குத்தான் அவசரம் தெரிகிறது என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னேன். அவர் நிதிநிலை அறிக்கையில் மும்முரமாக இருந்தார்.

அந்த அம்மா கேட்டதைத் தீர்மானமாக எழுதினேன். கேரளத்தில் பத்தாம் வகுப்பைத் தமிழ்வழியில் எழுதலாம். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் அப்படிப் படித்து வரும் பிள்ளைகள் பட்டப்படிப்பில் பொருளாதாரமோ வரலாறோ எடுத்தால் திடீரென்று ஆங்கிலத்தில் மூச்சுத் திணறுகிறார்கள். 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கே தங்கள் மொழியில் கடிதம் எழுதலாம்; தேர்வுத்தாளில் எழுதக் கூடாதா? இப்படியெல்லாம் எழுதிவிட்டு, முடிவில் 'அனுமதிக்குமாறு செனட் உத்தரவிடுகிறது' என்று கம்பீரமாக முடித்தேன்.

செனட் பிரிவில் இருந்த அலுவலர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். 'டீச்சரே, நிர்தேசிக்குன்னு எந்நு வேண்டா. அப்யர்த்திக்குன்னு, அது மதி.' உத்தரவு வேண்டாம், கேட்டுக்கொள்கிறது என்று போடுங்கள், போதும். பாடம், தேர்வு சம்பந்தப்பட்டது அகாடமிக் கவுன்சிலின் வேலை, அதற்குக் கீழே பாடவாரியாக போர்டு ஆஃப் ஸ்டடீஸ், நடைமுறைப்படுத்துவது நிர்வாகக் குழுவான சிண்டிகேட், புதிய பணியிடம் என்றால் அரசு. செனட் மிக உயர்ந்த அமைப்பு என்று படித்துக்கொண்டு போயிருந்த எனக்கு, அந்த உயரத்திலிருந்து கை எட்டுகிற இடங்கள் எவை என்று பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்தவர் அவர். அதற்குள் அறிவிப்புக் கொடுக்கும் நாளையும் தவறவிட்டிருந்தேன். தப்பு என்னுடையது. தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குப் போனது.

வழிமொழிந்தவர் காசர்கோட்டுக்காரர், வீட்டில் கன்னடம். எதிர்ப்பு இல்லை. கைகள் உயர்ந்தன, நிறைவேறியது. ஊருக்கு போன் செய்து சொன்னேன்.

கடினமான கேள்வி, தீர்மானத்தை எப்படி நடத்துவது என்று பார்க்கப் போட்ட உபகுழுவில் வந்தது. கேட்டவர் எங்கள் எதிர்ச் சங்கத்துக்காரர்; தொந்தரவு பண்ணக் கேட்கிறார் என்று முதலில் நினைத்தேன். 'டீச்சர், தமிழில் எழுதட்டும். யார் திருத்துவது?' அவ்வளவுதான். தமிழ்த் துறை ஆசிரியருக்குப் பொருளாதாரம் தெரியாது. பொருளாதார ஆசிரியர்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் யார் யார் என்று பட்டியல் போட்டோம். என் பெயரோடு சேர்த்து நான்கு. நான்கு பேரும் எல்லையோரக் கல்லூரிகளில், அதாவது எழுதப் போகிற பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவர்கள். விடைத்தாளில் பதிவெண்ணை மறைத்து வேறு எண் போட்டு அனுப்புவது, யாருடைய தாள் என்று திருத்துகிறவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக. என் முன்னால் ஒரு தமிழ்த்தாள் வந்தால் எண்ணை எதற்குப் பார்க்க வேண்டும்? கையெழுத்தே சொல்லிவிடும், ஒழலப்பதி பையனா, எருத்தேம்பதிப் பெண்ணா என்று. அந்தப் பிள்ளைக்கு நான் கூட்டிப் போட்டாலும் தப்பு. பயந்து குறைத்துப் போட்டாலும் தப்பு. மறுமதிப்பீடு கேட்டால் போவதும் மீதி மூன்று பேரில் ஒருவரிடம்.

தமிழ்நாட்டிலிருந்து ஆள் வரவழைக்கலாம் என்றேன். பாடத்திட்டம் வேறு, மதிப்பெண் போடும் முறை வேறு, பயணப்படியை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது என்று நிதிப் பிரிவு கேட்டது. எல்லாமே தீர்க்கக்கூடிய தடைகள். தீர்க்க உட்கார வேண்டும். உட்கார ஆள் வேண்டும். குழு இரண்டு முறை கூடியது. மூன்றாவது கூட்டத்துக்குத் தேதி குறிப்பதற்குள் செனட்டின் காலம் முடிந்துவிட்டது. ஒன்று மட்டும் கையில் மிஞ்சியது. தேவை நெகிழ்ச்சி, பணவீக்கம், வாய்ப்புச் செலவு என்று ஆங்கிலச் சொல்லுக்கு நேராகத் தமிழும் மலையாளமும் போட்ட ஒரு பட்டியல். குழுவுக்காக நானும் அந்த எதிர்ச் சங்கத்துக்காரரும் சேர்ந்து தயாரித்தது. பிள்ளைகள் அதை ஜெராக்ஸ் எடுத்துப் பாடப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்கள்.

சந்தையில் அந்த அம்மாவுக்கு இதை விளக்குவது செனட்டில் பேசுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. 'நிறைவேறிடுச்சுன்னு சொன்னீங்களே' என்றார். சொன்னேன்தான். அவசரப்பட்டு போன் செய்த எனக்கு அது வேண்டியதுதான்.

மொழிச் சிறுபான்மைக்குத் தனி இடமே ஒதுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 1974-ஆம் ஆண்டுக் கேரளப் பல்கலைக்கழகச் சட்டத்தில் வேந்தர் நியமிக்கும் உறுப்பினர்களில் எழுத்தாளர், பத்திரிகையாளர், வழக்கறிஞர் என்ற வரிசையில் மொழிச் சிறுபான்மையினரும் வருகிறார்கள். அந்த இடத்தைப் பற்றி எனக்கும் ஆசை இருந்தது. 2022 அக்டோபரில் நடந்ததைப் பார்த்தபின் யோசனை வந்தது. துணைவேந்தர் தேடல் குழுவுக்குச் செனட்டின் சார்பில் ஒருவரை அனுப்புவதில் வேந்தரான ஆளுநருக்கும் செனட்டுக்கும் தகராறு. கூட்டத்துக்கு வரவில்லை என்று 15 நியமன உறுப்பினர்களை ஒரே உத்தரவில் நீக்கினார். 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஆளுநர் சரியா, செனட் சரியா என்பதில் எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி. எனக்குப் பட்டது இவ்வளவுதான்: அந்த ஐந்து மாதம் ஒரு தமிழ்ப் பிரதிநிதி நாற்காலி இல்லாமல் நின்றிருந்தால், வேலந்தாவளம் சந்தையில் யாருக்கும் அது தெரிந்திருக்காது. என்னைத் திட்டவாவது அந்த அம்மாவுக்கு ஒரு வழி இருந்தது. சங்கத்தின் தயவில், மலையாள ஆசிரியர்களின் இரண்டாம் எண்ணில் கிடைத்த என் இடத்தையே நான் மறுபடியும் எடுப்பேன்.

இப்போது ஓய்வு பெற்றாயிற்று. பதிவு பெற்ற பட்டதாரிகள் தொகுதியில் பெயர் இருப்பதால் வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வந்தது. முதல் எண்ணைச் சங்கத்துக்காரருக்கு உடனே போட்டுவிட்டேன். இரண்டாவதுக்கு நேராக யாரை எழுதுவது என்று இரண்டு நாள் மேசை மேல் கிடந்தது. மூன்றாம் நாள், தபால் கட்டு கிளம்புவதற்குள் சேர்க்க வேண்டுமே என்று, 'யார் திருத்துவது' என்று கேட்ட அந்த எதிர்ச் சங்கத்துக்காரரின் பெயருக்கு நேராக 2 போட்டு உறையை ஒட்டினேன்.