பொத்தான்களுக்கு இடம் ஒதுக்கும் வேலை

அலுவலகத்துக்குப் புதிதாக போன் சிஸ்டம் போடும்போது சர்வர், நெட்வொர்க், எக்ஸ்டென்ஷன் எண்கள் (அலுவலகத்துக்குள் ஒவ்வொரு போனுக்கும் உள்ள எண்) எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகத்தான், ஒரே அழுத்தில் ஒருவரைக் கூப்பிட உதவும் போன் பொத்தான்களுக்கு வருவார்கள். அதற்குள் நேரம் தீர்ந்திருக்கும். எல்லாப் போனிலும் 201, 202, 203 என்று எண் வரிசைப்படி போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சர்வரை அங்கே யாரும் பார்க்கப்போவதில்லை. நாள் முழுக்கக் கை படுவது பொத்தான்களில்தான்.

வரவேற்பு மேசை போனைத் தொடும் முன் அங்கே இருப்பவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்ப்பேன். ஓர் அலுவலகத்தில் பார்த்தது இது. ரிசீவர் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இருந்தது, வலது கை பெயரைக் குறித்துக்கொண்டிருந்தது, இடது கை போனைப் பார்க்காமலே பொத்தானைத் தேடியது. அவர் அடிக்கடி அழைப்பை மாற்றிவிட்டது கணக்குப் பிரிவுக்கும் கிடங்குக்கும். எண் வரிசையில் அந்த இரண்டும் பக்கத்தில் இணைத்திருந்த கூடுதல் பொத்தான் பலகையின் அடியில் கிடந்தன. அவற்றை இடது கை விரல் தானாகப் போய் விழும் இடத்துக்குக் கொண்டுவந்தேன். மேலாளரின் பொத்தான்தானே முதலில் இருக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டார். மேலாளருக்கு வரும் அழைப்புகள் உதவியாளரிடம்தான் போகின்றன என்று காட்டியதும், சரி என்றார்.

பிறகு விளக்கு. நாங்கள் பிஎல்எஃப் என்று சொல்லும் பொத்தானில், அந்த எக்ஸ்டென்ஷனில் பேச்சு நடந்தால் விளக்கு எரியும், மணி அடித்தால் மினுக்கும். ‘இந்த எக்ஸ்டென்ஷன் நிலவரத்தை எனக்குச் சொல்லிக்கொண்டே இரு’ என்று போன் சர்வரிடம் பதிவு செய்துகொள்வதால் இது நடக்கிறது. எஸ்ஐபி என்ற இணைய அழைப்பு நெறிமுறையில் இயங்கும் போன்களில் அந்தத் தகவல் எந்த வடிவத்தில் வர வேண்டும் என்பதை 2005-இல் வெளியான ஆர்எஃப்சி 4235 என்ற இணையத் தரநிலை ஆவணம் வரையறுக்கிறது. பதிவுக்குக் காலக்கெடு உண்டு. சர்வரை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டால், சில போன்கள் மறுபடி பதிவு செய்யும்வரை பழைய நிலவரத்தையே காட்டிக்கொண்டிருக்கும். கெடு 3600 விநாடி என்றால், அது ஒரு மணி நேரம் வரைகூட இழுக்கலாம். யாரும் பேசாத போனுக்கு விளக்கு எரிவதை நாலு முறை பார்த்துவிட்டால் வரவேற்பில் இருப்பவர் அதை நம்புவதை நிறுத்திவிடுவார். அதன்பிறகு ஒவ்வொருவரையும் கூப்பிட்டுத்தான் கேட்பார். அதனால் கெடுவைக் குறைத்தே வைப்பேன். சர்வருக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை, பரவாயில்லை.

இந்த விளக்கு எல்லோருக்கும் எல்லோரையும் காட்ட வேண்டியதில்லை என்பதிலும் உறுதியாக இருக்கிறேன். பணியாளர் குறைகளைக் கேட்கும் அதிகாரி எப்போது, எவ்வளவு நேரம் பேசுகிறார் என்பது பக்கத்து மேசைக்குத் தெரிய வேண்டாம். தவிர, பல சிஸ்டங்களில் மினுக்கும் பொத்தானை அழுத்தினால் அந்த அழைப்பே நம்மிடம் வந்துவிடும். விற்பனைக் குழுவுக்கு அது பெரிய உதவி. அந்த அதிகாரியின் போனில் அது கூடவே கூடாது.

ஆளுக்கேற்ற பொத்தான்கள் வேறு, பொதுவானவை வேறு. அழைப்பை நிறுத்திவைத்து வேறு எந்தப் போனிலிருந்தும் எடுக்க உதவும் பார்க் பொத்தான்கள் எல்லாப் போனிலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். அடுத்தவர் மேசையில் நின்று எடுக்கும்போதுதான் அவை அதிகம் தேவைப்படும்.

ஒருவர் வேலையை விட்டுப் போனால் காலி இடத்தை நிரப்பக் கீழே உள்ளவற்றை மேலே ஏற்றச் சொல்வார்கள். திரையில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குக் கீழே உள்ள எல்லா இடங்களையும் விரல் புதிதாகக் கற்க வேண்டும். அன்று கணக்குப் பிரிவுக்குப் போக வேண்டிய அழைப்புகள் கிடங்கில் மணி அடிக்கும். காலியானதை அப்படியே விட்டுவிடுங்கள் என்பேன். முடிந்தவரை ஆள் பெயருக்குப் பதில் பொறுப்பின் பெயரைப் பொத்தானில் போடுவதும் இதற்காகத்தான்.

எல்லாம் முடிந்து சில நாள் கழித்து இன்னொரு தடவை போய்க் கேட்பேன். பெரும்பாலும் அவர்கள் கேட்பது சின்ன விஷயம்: இன்னொரு பார்க் பொத்தான் வேண்டும், அப்புறம் அழைப்பு வராமல் தடுக்கும் டிஎன்டி பொத்தானை, அழைப்பை மாற்றிவிடும் டிரான்ஸ்ஃபர் பக்கத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும். கட்டமைப்புக் கோப்பிலேயே மாற்றிவிட்டு வருவேன். போனில் மட்டும் மாற்றினால், பல மாடல்களில் அடுத்த முறை அது கோப்பை இறக்கும்போது பழையபடி ஆகிவிடும்.