ஹார்வர்டு முற்றத்தில் மார்ஷலின் உரை

போஸ்டனிலிருந்து கேம்பிரிட்ஜுக்குச் சிவப்புத் தட ரயில் போகிறது. இறங்கி மேலேறினால் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பழைய முற்றம். வருகிறவர்கள் ஜான் ஹார்வர்டு சிலையின் காலைத் தொட்டுப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நான் தேடி வந்தது அந்தச் சிலைக்குப் பின்னால் இருக்கிறது: வைட்னர் நூலகத்துக்கும் நினைவுத் தேவாலயத்துக்கும் இடைப்பட்ட மரநிழல் புல்வெளி.

1947 ஜூன் 5. காலையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் மார்ஷலுக்குக் கௌரவப் பட்டம். கவிஞர் எலியட்டும் விஞ்ஞானி ஓப்பன்ஹைமரும் அதே மேடையில் பட்டம் பெற்றார்கள். பிற்பகலில் மார்ஷல் பேசினார்: இரண்டாம் உலகப் போரில் சிதைந்த ஐரோப்பா மீண்டெழ அமெரிக்கா உதவும் என்று. பின்னாளில் மார்ஷல் திட்டம் என்று அழைக்கப்பட்டது இந்த உரையில்தான் தொடங்கியது. கால் மணி நேரம்கூட இல்லை. தாளைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் வாசித்தார்.

நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்து அந்த உரையை மறுபடி படித்தேன். எந்த இடத்திலும் தொகை இல்லை, திட்டத்துக்குப் பெயரும் இல்லை. இடிந்த நகரங்களை ஒரு வரியில் கடந்துவிடுகிறார். விவசாயியிடம்தான் நிற்கிறார்: விளைந்ததை விற்றால் கைக்கு வரும் பணத்துக்கு நகரத்தில் வாங்கப் பொருள் இல்லை, அதனால் அவன் வயலை மேய்ச்சலுக்கு விட்டுவிடுகிறான், நகரம் பட்டினி கிடக்கிறது. ஒரு கண்டத்தின் நோயை இவ்வளவு எளிமையாக விளக்கிய வேறொரு அரசியல் உரையை நான் படித்ததில்லை.

மூன்று மாதம் முன்பு அதிபர் ட்ரூமன் உலகத்தை இரண்டு வாழ்க்கை முறைகளாகப் பிரித்துப் பேசியிருந்தார். மார்ஷலோ, எங்கள் கொள்கை எந்த நாட்டுக்கும் சித்தாந்தத்துக்கும் எதிரானதல்ல, பசி, வறுமை, விரக்தி, குழப்பம் ஆகியவற்றுக்கே எதிரானது என்றார். மனிதத் துயரத்தை நீட்டித்து அரசியல் லாபம் தேடுவோரை அமெரிக்கா எதிர்க்கும் என்ற எச்சரிக்கையும் உண்டு. அங்கேயும் சோவியத் யூனியனின் பெயரைச் சொல்லவில்லை. உலகம் நலம் பெறாமல் அமைதி நிலைக்காது என்று தன் நாட்டின் சொந்த நலனையும் மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மைதான் என்னை மிகவும் ஈர்த்தது.

உரையின் உயிர்நாடி, முன்முயற்சி ஐரோப்பாவிலிருந்தே வர வேண்டும் என்ற வரி. கொடுக்கிறவன் திட்டம் தீட்டிப் பெறுகிறவன் தலையில் கட்டுவது முறையல்ல என்கிறார். உதவி கேட்பவரின் மானத்தைக் காத்த பேச்சு இது.

பிரிட்டன் வெளியுறவு அமைச்சர் எர்னஸ்ட் பெவின் பிபிசி வானொலியில் செய்தி கேட்டதும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார். இதுபற்றிப் பாரிஸில் நடந்த பேச்சுவார்த்தையிலிருந்து சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலொடோவ் வெளியேறினார்; ஆனாலும் ஜூலையில் 16 நாடுகள் அங்கே கூடித் தங்கள் தேவைகளைத் தாங்களே கணக்கெடுக்கத் தொடங்கின. 1948 ஏப்ரல் 3 அன்று ட்ரூமன் கையெழுத்திட்ட சட்டத்தின் வழியே சுமார் 1,300 கோடி டாலர் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது.