நட்சத்திரம் கட்டலாமா?

ஜூன் மாதம் என் கணவர் போய்விட்டார். துக்க வருஷத்தில் பண்டிகை கிடையாது, வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கிறிஸ்தவ வேதத்துக்கு வந்து நாலு தலைமுறை ஆகியும் அதை மட்டும் விட்டபாடில்லை. அதனால் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் பரணிலேயே கிடந்தது. பெங்களூர் அல்சூரில் எங்கள் சந்தில் டிசம்பர் முதல் தேதியே நட்சத்திரம் ஏற்றுகிற வீடு எங்களுடையது. எதிர்வீட்டு அக்கா பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டே விட்டார்: "ஏம்மா, இந்த வருஷம் ஸ்டார் கட்டலாமா, கூடாதா? உங்க சாமி என்ன சொல்லுது?"

எனக்குப் பதில் வரவில்லை. "ஞாயித்துக்கிழமை சிவாஜிநகர் மாதா கோயிலுக்குப் போறேன், வர்றீங்களாக்கா?" என்றேன். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர் அவர். செப்டம்பர் 8 மாதா திருவிழாவுக்கும் என்னைவிட ஒழுங்காக வந்துவிடுவார்.

2025 டிசம்பர் 14. பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே கோபுரம் தெரிகிறது. செஞ்சிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஓலைக் கொட்டகையில் தொடங்கிய கோயில் இது என்பார்கள். இப்போது நிற்கிற கோத்திக் கட்டடம் 1882இல் அர்ச்சிக்கப்பட்டது. 1973இல் பசிலிக்கா என்ற சிறப்புப் பட்டம் பெற்றது. உள்ளே இடம் கிடைக்கவில்லை. தூண் ஓரம் ஒண்டிக்கொண்டோம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிறுகள் அடங்கியது திருவருகைக் காலம். பீடத்தருகே அதற்கான வளையத்தில் மூன்று மெழுகுவர்த்தி எரிந்தது. இரண்டு ஊதா, மூன்றாவது ரோஸ். சாமியாரும் ரோஸ் நிற உடையில் இருந்தார். "இன்னிக்கு மட்டும் ஏன் இந்தக் கலரு?" என்று அக்கா காதருகே கேட்டார். திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சி ஞாயிறு, அதற்கு இந்த நிறம் என்றேன். சொல்லும்போதே எனக்குத் தொண்டை அடைத்தது. எனக்கு என்ன மகிழ்ச்சி?

ஆனால் அன்றைய நற்செய்தி மகிழ்ச்சியாகவே இல்லை. திருமுழுக்கு யோவான் சிறையில் கிடக்கிறார். அங்கிருந்து சீடர்களை அனுப்பி இயேசுவிடம் கேட்கிறார்: வரப்போகிறவர் நீர்தானா, இல்லை வேறொருவருக்குக் காத்திருக்க வேண்டுமா? ஆற்றங்கரையில் விரல் நீட்டி இவர்தான் என்று சொன்ன மனுஷன்! அவருக்கே சந்தேகம். இயேசு கோபித்துக்கொள்ளவில்லை. பார்வையற்றோர் பார்க்கிறார்கள், கால் ஊனமுற்றோர் நடக்கிறார்கள், கண்டதைப் போய்ச் சொல்லுங்கள் என்கிறார். சிறைக்கதவு மட்டும் கடைசிவரை திறக்கவில்லை. இந்த வாசகத்தை எத்தனையோ வருஷம் கேட்டிருக்கிறேன். திறக்காத அந்தக் கதவு இந்த வருஷம்தான் உறைத்தது.

2025 கத்தோலிக்கத் திருச்சபைக்கு யூபிலி ஆண்டு. 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்ற வாசகத்தை வருஷம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தோம். ரோமில் அன்றைக்குச் சிறைவாசிகளுக்கான யூபிலி. எதிர்நோக்கு என்ற சொல்மீது முதலில் எனக்கு ஒட்டுதல் இல்லை. நம்பிக்கை என்று சொன்னால் போதாதா, ஏன் இந்தப் புதுச் சொல் என்று தோன்றும். இப்போது அப்படியில்லை. நம்பிக்கையோடு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கலாம். எதிர்நோக்குக்கு வாசல் வரை வந்து தெருவைப் பார்த்து நிற்க வேண்டியிருக்கிறது.

திருப்பலி முடிந்து மாதா சிலை இருக்கும் குகை போன்ற கெபிக்குப் போனோம். மாதாவுக்கு வழக்கம்போலப் புடவை கட்டியிருந்தார்கள். அக்கா கெபியைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் முதலில் புடவையின் கரையைத்தான் பார்ப்பார். மெழுகுவர்த்தி ஏற்றும் இடத்தில் அவருடைய திரி பிடிக்கவே இல்லை. என்னுடையதைச் சாய்த்துக் கொடுத்தேன். சூடான மெழுகு அவர் கட்டைவிரலில் சொட்டியது. விரலை ஊதிக்கொண்டே கேட்டார்.

"கேக்குறேன்னு தப்பா நினைக்காதே. அவரே போயிட்டாரு. இன்னும் என்னத்த எதிர்பார்த்துக்கிட்டு வர்றே?"

எதிர்நோக்கைப் பற்றி யாராவது கேட்டால் பதில் சொல்ல எப்போதும் தயாராக இருங்கள், பணிவோடு சொல்லுங்கள் என்று இயேசுவின் சீடர் பேதுரு எழுதியிருக்கிறார். நான் தயாராக இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அவரைத் திரும்பப் பார்ப்பேங்கா."

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்களுக்கு இப்படிச் சொல்லிக்கொடுக்கல. ஆனா கேக்க நல்லாருக்கு" என்றார். அவருடைய தம்பி கொரோனாவில் போனவர். நான் மேற்கொண்டு பேச்சை வளர்க்கவில்லை. அங்கே வேதம் பேசினால் அது பணிவாக இருந்திருக்காது.

வெளியே ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் கடை கடையாகக் காகித நட்சத்திரங்கள் தொங்கின. வாங்குகிற எண்ணம் இல்லை. "வீட்லதான் இருக்கே, எதுக்குப் புதுசு? போனதும் இறக்கு, நான் ஸ்டூல் பிடிச்சுக்குறேன்" என்றார் அக்கா. கொஞ்ச தூரம் நடந்து நின்றார். "நீ பலகாரம் சுடக் கூடாது, அவ்வளவுதானே? சட்டியை எங்க வீட்ல வைக்கிறேன். உங்க கிறிஸ்துமஸ் பலகாரம் கல்கல்லுக்கு மைதா எவ்வளவு, தேங்காய்ப்பால் எவ்வளவு, அதை மட்டும் சொல்லு."

வருஷா வருஷம் என் வீட்டிலிருந்து சந்து முழுக்கத் தட்டு போகும். இந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டிலிருந்து போனது. இருபத்து மூன்றாம் தேதி மத்தியானம் அவர் அடுப்படியில் உட்கார்ந்து, முள்கரண்டியின் முதுகில் மாவை எப்படி அழுத்திச் சுருட்டுவது என்று காட்டினேன். முதல் ஈடு முழுக்க எண்ணெயில் விரிந்துகொண்டது. "மாவு தளர்ந்துபோச்சு, உன் கணக்குதான் தப்பு" என்றார் அக்கா. அவர் தேங்காய்ப்பாலை ஒரு கை கூட ஊற்றியதை நான் சொல்லவில்லை.