'இருந்து' என்னும் ஓர் உருபுக்கு ஆங்கிலத்தில் எத்தனை சொற்சேர்க்கைகள்

ஹட்டனில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த காலத்தில், ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்று ஆங்கிலத்தில் எழுத நேர்ந்த இடங்களிலெல்லாம் நான் 'கம் ஃப்ரொம்' என்ற ஒன்றையே எழுதிவந்தேன். தேயிலையைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஆசிரியை அதனை ஏழு இடங்களில் வட்டமிட்டுத் திருப்பித் தந்தார். தமிழில் ஐந்தாம் வேற்றுமை ஒன்றே நீங்கலையும் ஏதுவையும் தாங்கி நிற்க, ஆங்கிலமோ வந்தது செடியா, வழக்கமா, சொல்லா, துன்பமா என்று பார்த்துச் சொற்சேர்க்கையை மாற்றுகிறது என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. அதன்பின் பட்டியலை மனனம் செய்வதை விட்டு, தெரிந்த ஒரு விடயத்தோடு ஒவ்வொன்றையும் பிணைத்துப் படித்தேன்.

எனக்குத் தெரிந்த விடயம் தேயிலைதான். செடியின் தாயகத்தைச் சொல்ல 'நேட்டிவ் டு' வரும். தேயிலைச் செடிக்கு அந்த இடத்தில் இலங்கையை எழுதக்கூடாது, ஆசியாவின் சீன, அசாம் பகுதிகளையே எழுத வேண்டும். இலங்கையின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தொடங்கிய வர்த்தகப் பயிர்ச்செய்கை இன்றும் நடைபெறுவதால், அதற்கு நிகழ்காலத்தில் 'டேட்ஸ் பேக் டு' என்று எழுத வேண்டும். ஆண்டு பழையது என்பதால் 'வாஸ் டேட்டட் பேக்' என்று எழுதுவது மாணவரிடம் நான் அதிகம் காணும் பிழை. 1869இல் தென்பட்ட இலைநோயால் கோப்பித் தோட்டங்கள் அழிந்ததற்கு 'ஸ்டெம்ட் ஃப்ரொம்' பொருந்தும்; சிக்கலின் காரணத்தைச் சொல்லும் அச்சேர்க்கையைச் சந்தைப் பொருளுக்கு இடக்கூடாது.

'மேட் ஒஃப்', 'மேட் ஃப்ரொம்' ஆகிய இரண்டும் எனக்கு நெடுநாள் மயக்கம் தந்தன. ஒருநாள் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்து அடுப்படியில் அமர்ந்து படிக்கையில் எதிரே பித்தளைச் செம்பும் தேத்தூள் டப்பாவும் இருந்தன. செம்பைப் பார்த்தவுடன் பித்தளை தெரிகிறது; ஆகவே அது 'மேட் ஒஃப்'. கொழுந்தை வாட்டி, அரைத்து, நொதிக்கவிட்டு, உலர்த்திய பின் கிடைக்கும் தூளில் பச்சை இலையின் உருவமே இல்லை. ஆகவே அது 'மேட் ஃப்ரொம்'. அதன்பிறகு நான் இவற்றில் தடுமாறியதில்லை.

சொற்களின் பிறப்புக்கு 'டிரைவ்ட் ஃப்ரொம்' உரியது. இதற்குக் 'கட்டமரான்' என்ற ஆங்கிலச் சொல்லையே எடுத்துக்காட்டாகக் கொள்ளுங்கள். அது நம் கட்டுமரத்திலிருந்து பிறந்தது. குடும்பத்தின் வேரைச் சொல்ல 'ட்ரேஸ் இட்ஸ் ரூட்ஸ் டு' என்பதே அழகு. எங்கள் அப்பாயியிடம் ஊரைக் கேட்டு, துறையூரை அதில் சேர்த்து எழுதிய வாக்கியம் இன்றும் எனக்கு மனப்பாடம்.

இறுதியாக, நம்மவர் பலர் சொந்த ஊரைச் சொல்லும்போது 'ஐ ஆம் கமிங் ஃப்ரொம் ஹட்டன்' என்கிறார்கள். 'ஹட்டனிலிருந்து வருகிறேன்' என்ற தமிழ் இரு பொருளும் தரும். அந்த ஆங்கிலமோ இப்போது பயணத்தில் இருப்பதையே குறிக்கும். ஊரைச் சொல்ல 'ஐ கம் ஃப்ரொம் ஹட்டன்' என்றே வாய்விட்டுப் பழகுங்கள். நேர்முகப் பரீட்சையில் பெரும்பாலும் முதலில் கேட்கப்படுவது ஊர்தான்.