அட்டையில் இல்லாத கட்டம்

03.06.2025, செவ்வாய்

எங்கள் சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் பரிசோதனை நாள். கூட்டம் குறைய மதியம் இரண்டு மணி ஆனது. (ஊரையும் ஆளையும் அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் இங்கே எழுதுகிறேன். கண்டுபிடிக்க முயல வேண்டாம்.)

மாலையில் உட்கார்ந்து 'ஹை ரிஸ்க்' பட்டியல் எழுதினேன். உயரம் 145 செ.மீ.க்குக் கீழ், ரத்தம் (ஹீமோகுளோபின்) 7 கிராமுக்குக் கீழ், பி.பி., முந்தைய சிசேரியன், இரட்டைக் கரு. எல்லாம் கர்ப்பிணியின் உடம்பில் உள்ளவை. வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு செல்போன் பார்த்துக்கொண்டிருக்கும் கணவனைப் பற்றி ஒரு கட்டம்கூட கர்ப்பிணி அட்டையில் இல்லை.

இன்று பி.பி. பட்டை சுற்ற ஒருத்தியின் ரவிக்கைக் கையை மேலே தள்ளினேன். நாலு விரல் பதிந்த நீலம். ஆறாம் மாதம், இரண்டாவது பிள்ளை. "என்னம்மா இது?" என்று நான் முடிக்கும் முன்பே மாமியார், "கன்னுக்குட்டி இழுத்துடுச்சும்மா" என்றார். அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட ஆள் இருக்கும்போது இதற்கு மேல் கேட்கக் கூடாது. வீட்டுக்குப் போனபின் பதில் சொல்ல வேண்டியது அவள்தானே. அடுத்த வாரம் வரச் சொன்னேன்.

04.06.2025

தடுப்பூசி நாள். வேறெதற்கும் நேரமில்லை.

07.06.2025, இரவு

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றை (2019–21) எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். மணமான பெண்களில் 29.3 சதவீதம் பேர் கணவனிடம் அடியோ பாலியல் வன்முறையோ சந்தித்தவர்கள். கர்ப்பமாக இருந்தபோது அடி வாங்கியதாகச் சொன்னவர்கள் 3.1 சதவீதம். இரண்டாவது எண்ணைப் பார்த்து நிம்மதிப்பட என்னால் முடியவில்லை. அந்நியர் ஒருவரிடம், ஒரே ஒரு முறை கேட்டபோது, வாய் திறந்து சொன்னவர்களின் கணக்கு அது.

உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட பல நாட்டு ஆய்வில் ஒரு விவரம் தூக்கத்தைக் கெடுத்தது. கர்ப்பத்தில் அடிபட்டவர்களில் கால் பங்கிலிருந்து பாதிப் பேர் வரை வயிற்றிலேயே குத்தோ உதையோ வாங்கியிருக்கிறார்கள். அடித்தவன், பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு, அந்தக் குழந்தையின் தகப்பன்.

10.06.2025, செவ்வாய்

வயிறு பார்க்கும் அறைக்குள் கர்ப்பிணியைத் தவிர யாருக்கும் அனுமதி இல்லை என்று டாக்டரம்மா போன வாரமே சொல்லிவிட்டார். மாமியார் முணுமுணுத்துக்கொண்டே வெளியே உட்கார்ந்தார்.

"வீட்டுல யாராவது கை நீட்டறாங்களாம்மா? வர்ற எல்லாரையும் இப்படித்தான் கேக்கறோம்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "மொத ஒண்ணு பொண்ணாப் போச்சுல்லக்கா. இதுவும் பொண்ணாத்தான் இருக்கும்னு அவரே முடிவு பண்ணிட்டாரு."

முதல் பிரசவத்துக்கு முன்பும் அடி இருந்திருக்கிறது. கணவனின் அப்பாவும் அவன் அம்மாவை அடித்தவர்தானாம். வெளியே உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாவை. இந்தக் கர்ப்பம் இருவருமே திட்டமிடாதது. கட்டட வேலை இரண்டு மாதமாக ஒழுங்காகக் கிடைக்கவில்லை. அவள் போன், அவள் பாஸ்புக், மகப்பேறு உதவிப் பணம் எல்லாம் அவன் கையில். பயிற்சியில் ஆபத்துக் காரணிகள் என்று படித்ததை வரிசையாக அவள் வாயிலிருந்தே கேட்டேன். அவளைப் பற்றிய காரணி என்று பார்த்தால் வயதுதான், 21.

நாலு நாள் முன்பு வயிற்றில் உதைத்திருக்கிறான். ரத்தப்போக்கு இல்லை, குழந்தை துடிக்கிறது, வயிறு இறுகவில்லை. ஆனாலும் நஞ்சுக்கொடி கருப்பையிலிருந்து பிரிந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அவள் ரத்தம் ஓ நெகட்டிவ். வயிற்றில் அடிபட்டால் குழந்தையின் ரத்தம் தாயின் ரத்தத்தில் கலக்கலாம், ஆன்டி-டி ஊசி தேவைப்படும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். மாமியாரிடம் சொன்ன காரணம்: "நெகட்டிவ் குரூப், ஸ்கேன் பாக்கணும்." அதுவும் உண்மைதானே.

14.06.2025

ஸ்கேனில் பயப்பட ஒன்றுமில்லை. ஊசி போட்டாயிற்று.

டீக்கடையில் யாரிடம் கேட்டாலும் "குடிதான் எல்லாத்துக்கும்" என்பார்கள். குடிக்குப் பெரிய பங்கு உண்டு. அதே தேசிய குடும்ப நல ஆய்வில், அடிக்கடி போதையில் வரும் கணவன்மாரின் மனைவிகளில் 70 சதவீதம் பேர் அடியோ பாலியல் வன்முறையோ அனுபவித்தவர்கள். ஆனால் குடிக்காதவர்களின் மனைவிகளிலும் 23 சதவீதம். அந்த 23ஐ எந்தக் கடையை மூடித் தீர்ப்பது? தவிர, போதையில் இவன் மேஸ்திரியை அடித்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

17.06.2025, செவ்வாய்

முதல் பிரசவத்துக்கு வளைகாப்பு முடித்துத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். அந்தச் சில மாதங்கள் பலருக்கு உயிர் காக்கும் மாதங்கள் என்று எனக்கு எப்போதும் தோன்றும். இரண்டாவதுக்கு அந்த வழக்கம் இல்லை. மூத்தது பள்ளிக்கூடம், இவனுக்குச் சோறு. கவனிப்பும் முதல் பிள்ளையோடு குறைந்துவிடுகிறது.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். போலீஸ் புகார் இல்லாமலே பாதுகாப்பு அலுவலரிடம் போகலாம், அந்த வீட்டிலேயே குடியிருக்க அவளுக்கு உரிமை உண்டு என்பதையும். "வீட்டை விட்டு வெளிய போன்னு சொல்ல முடியாதாக்கா?" என்று இரண்டு தடவை கேட்டாள். புகார் மட்டும் இப்போது வேண்டாம் என்றாள். அந்த முடிவு அவளுடையது. அவசரப்படுத்திவிட்டு இரவு நான் என் வீட்டில் தூங்குவேன், அவள் அங்கே அல்லவா தூங்க வேண்டும்? பெண்கள் உதவி எண் 181ஐ எழுதித் தரவில்லை, அட்டையை அவன் புரட்டுவான். மூன்று எண்தான், மனப்பாடம் ஆகிவிட்டது. ஆதார் நகலையும் ஒரு செட் துணியையும் பக்கத்து வீட்டில் வைத்திருக்கிறாள்.

20.06.2025

ரத்தம் 8.6 கிராம். டாக்டரம்மா இரும்புச்சத்து டிரிப்ஸ் எழுதினார். தேவையும்தான். ஆனால் தவணை தவணையாகப் போடும் மருந்து என்பதால், ஒவ்வொரு தவணைக்கும் அவள் இங்கே தனியாகப் படுத்திருக்கலாம். நான் பக்கத்தில் ஸ்டூலில். இன்று முதல் தவணை. அண்ணிக்கு என் போனிலிருந்து பேசினாள். ஒன்பதாம் மாதம் அண்ணன் வந்து கூட்டிப்போவதாகப் பேச்சு. "ஒன்பது வரைக்கும் எதுக்கு, எட்டுலயே வரச் சொல்லு" என்றேன். அண்ணி யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அடுத்த தவணை செவ்வாய்.